குழந்தைப் பருமனும் நிபுணர்களின் கடமையும்

தொடையெலும்பின் தலை நழுவிவிட்ட பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு எலும்பு நிபுணர் திருகாணி பொருத்துகிறார். உறக்கத்தில் மூச்சு அடைபடும் சிறுமிக்குத் தொண்டை நிபுணர் டான்சிலை அகற்றுகிறார். அழுக்கென்று எண்ணித் தாய்மார் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் பிடரிக் கறுப்புக்குச் சரும நிபுணர் களிம்பு எழுதித் தருகிறார். இவர்களுடைய சிகிச்சையில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், இத்தகைய உபாதைகளுடன் வரும் குழந்தைகள் பலருக்கு மூலகாரணமாக இருக்கும் உடற்பருமனை, அது தம் இலாகாவைச் சேர்ந்ததன்று என்று ஒவ்வொருவரும் மற்றவருக்கு விட்டுவிடுவதால், கடைசியில் அது எவருடைய கேஸ் ஷீட்டிலும் ஒரு நோயாகப் பதியாமலே குழந்தை வீடு திரும்புகிறது. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

எலும்பும் தோலுமாய்க் குழந்தைகள் வாடும் தேசத்தில் பருமனைப் பற்றிப் பேசுவது பணக்காரர் கவலையல்லவா என்று கேட்போர் உண்டு. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஐந்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களில் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் பருமனால் பாதிக்கப்பட்டிருந்தனர் என்று சர்வதேச ஆய்வொன்று மதிப்பிட்டது. தவிர, இவ்விரண்டு துயரங்களும் நாம் நினைக்கிறபடி இரு வேறு வீடுகளில் வசிப்பவை அல்ல. எடை குறைந்து பிறக்கும் நம் சிசுக்களின் மெல்லிய தேகத்திலும் தசையைவிடக் கொழுப்பே விகிதத்தில் மிகுந்திருக்கிறது என்பதைப் புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டினர். கருவில் போஷாக்குக் குன்றிய குழந்தைதான் பிற்காலத்தில் வேகமாகப் பருக்கும்போது நீரிழிவுக்கு எளிதில் இரையாகிறது.

நிபுணர்கள் இதில் வெறும் சாட்சிகளாகவும் இருக்க முடியாது. சிறுநீரில் புரதம் வெளியேறும் நோய்க்கு மாதக்கணக்கில் தரப்படும் ஸ்டீராய்டு, வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட், மனநோய்க்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் ஆகியவை இன்றியமையாத மருந்துகளே எனினும், அவை எடையைக் கூட்ட வல்லவை. அவற்றை எழுதும் கை, குழந்தையின் எடையையும் ஒவ்வொரு வருகையிலும் எழுத வேண்டாமா? முன்கூட்டியே தாயை எச்சரிப்பதும், வேறு மருந்துக்கு மாற்ற இயலுமா என ஆராய்வதும் அந்தச் சிகிச்சையின் அங்கமே தவிர உபகாரமல்ல.

எடையைப் பற்றிப் பேசும் நிபுணர்களிலும் சிலர் பேசுகிற விதம் வருந்தத்தக்கது. "வாயைக் கட்டு" என்று பலர் முன்னிலையில் சொல்லப்படும் ஒரு வார்த்தை, ஏற்கெனவே பள்ளியில் பரிகாசத்துக்கு ஆளாகிக் குன்றிப்போயிருக்கும் பிள்ளையை ஆஸ்பத்திரிப் பக்கமே வராமற் செய்துவிடக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆகாரம், உடற்பயிற்சி, பழக்கங்கள் ஆகியவற்றில் குடும்பத்தோடு நேரில் அமர்ந்து செய்யும் சிகிச்சைக்கு, மூன்று மாதம் முதல் ஓராண்டு வரையான காலத்தில் குறைந்தது 26 மணி நேரம் வேண்டும் என்கிறது. நம்மிடம் வாசற்படியில் நின்றபடியே சொல்லும் இரண்டு நிமிஷ உபதேசம் அதற்கு ஈடாகாது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு இப்போது வந்துள்ள ஊசி மருந்துகளும் இவ்வுழைப்புக்குத் துணையாக வேண்டுமே அல்லாது பதிலியாக முடியாது.

புறநோயாளிப் பிரிவில் அலைமோதும் கூட்டத்தில் இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்னும் ஆட்சேபம் நியாயமானதே. எலும்பு நிபுணர் உணவுப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. டாக்டரைக் காணுமுன் செவிலியர் உயரமும் எடையும் எடுத்து, இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கட்டும்; கோட்டைத் தாண்டியிருந்தால் நிபுணர் அதைத் தாழ்ந்த குரலில், குற்றஞ்சாட்டாமல், பெற்றோரிடம் தெரிவித்து, உரிய இடத்துக்கு அனுப்பட்டும்.

அந்த "உரிய இடம்" என்பதுதான் பல ஊர்களில் இல்லை. பருமனால் சிக்கல்களுக்கு ஆளான குழந்தைகளுக்கென்றே இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2021-இல் கூட்டு மருத்துவ நிலையங்களை அறிவித்தது. நம் மாநிலத்திலும் ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் வாரம் ஒரு நாளேனும், குழந்தை வைத்தியர், உணவியலாளர், இயன்முறை வைத்தியர், மனநல ஆலோசகர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் அமர வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரல் பரிசோதனைகள் அன்றே முடிய வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாய் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நாள் சம்பளத்தை இழக்கும்படி நேர்வது சிகிச்சையை மறுப்பதற்குச் சமானம். முதுகலை மருத்துவ மாணவர்கள், எந்தத் துறையினராயினும், இந்நிலையத்தில் சில வாரங்கள் பணியாற்றுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

கூட்டு நிலையங்களுக்கு ஆட்களும் பணமும் தேவைப்படும். அவற்றை அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கலாம். கேஸ் ஷீட்டில் உயரம், எடை, பருமன் ஆகிய மூன்றையும் தவறாது பதிய வேண்டும் என்பதற்கோ ஓர் உத்தரவு போதும். சுகாதாரத் துறை அதை இம்மாதமே பிறப்பிக்க வேண்டும்.