ஓம் வாத்தியார்

"வெளிநாட்டில் ஒன்றரை மாதம் உபாத்தியாயராய் இருந்து வந்தேன்" என்று நான் சொன்னால், லண்டனா, சிங்கப்பூரா என்று நண்பர்கள் ஆவலோடு கேட்கிறார்கள். "பெரும்பாறை" என்று பதில் சொன்னதும் அவர்கள் முகம் வாடிப் போகிறது. நான் யாழ்ப்பாணத்தான். கடலைத் தாண்டினால் எனக்கு எல்லாம் வெளிநாடுதானே?

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்குப் போகும் மலைப்பாதையில் இருக்கிறது பெரும்பாறை. பழனி மலைத் தொடரின் கீழ்ப் பகுதி அது. எங்கு பார்த்தாலும் காப்பிச் செடி. நிழல் மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடி. அங்கே ஒரு சிற்றாலயத்தில், கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு ஞானபாட வகுப்பு நடத்தும் தொண்டை ஏற்றுக்கொண்டேன். சம்பளம் கிடையாது. சாப்பாடு முறைவைத்து வீட்டுக்கு வீடு. இந்தத் தொண்டில் நான் முதல்வனும் அல்லன். 1816-இல் யாழ்ப்பாணத்தில் ஊன்றிய அமெரிக்கப் பாதிரிமார், 1834-இல் மதுரைக்குக் கிளை பரப்பியபோது, எங்கள் ஊர்த் தமிழர் சிலரும் துணையாளராய் உடன் வந்தனர். அந்தப் பாதிரிமாரே 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள்.

விடியற்காலையில் மூடுபனி ஜன்னல் வழியே அறைக்குள்ளேயே வந்துவிடும். எட்டு மணிக்குள் பெரியவர்கள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பிறகு என் மாணவர்கள் வருவார்கள். பத்து வயதுப் பெண் இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு வருவாள். அவன் அழுதால் பாடம் நிற்கும். அவன் தூங்கினால் பாடம் நடக்கும். மழை பெய்த மறுநாள், பாடத்துக்கு முன்னால் எல்லோருடைய காலிலும் அட்டை பார்க்க வேண்டும். சித்திரையில் பெய்த ஒரு மழைக்குப் பின் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரெனப் பூத்து, மல்லிகைத் தோட்டம் போல மணத்தன. அந்த இரண்டு மூன்று நாளும் யாருக்குமே பாடம் ஏறவில்லை, வாத்தியாருக்கும்தான்.

தமிழனுக்குத் தமிழ் நாட்டில் பாஷைக் கஷ்டம் என்ன என்று நினைத்தேன். முதல் நாளே கர்வம் பங்கப்பட்டது. "கதைக்காதேயுங்கோ!" என்று அதட்டினேன். கதை சொல்லத்தான் போகிறேன் என்று எண்ணிக் குழந்தைகள் நெருங்கி உட்கார்ந்தார்கள். "வெளியே போகலாமா?" என்று ஒரு பையன் கேட்டான். "ஓம்" என்றேன். எங்கள் ஊரில் 'ஆம்' என்பதற்கு அதுதான் சொல். கோயிலுக்குள் வந்து வாத்தியார் மந்திரம் ஜபிக்கிறாரே என்று அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று முதல் எனக்கு 'ஓம் வாத்தியார்' என்பதே பெயர்.

இரண்டாம் வாரம் மோசேயின் கதை. எகிப்தில் அடிமைப்பட்ட ஜனங்கள் கடலைக் கடந்து, வாக்களிக்கப்பட்ட தேசத்துக்குப் போன வரலாற்றை உற்சாகத்தோடு சொல்லி முடித்தேன். தம்பியைச் சுமந்து வரும் அந்தப் பெண் எழுந்தாள். "எங்கள் பாட்டியும் கடல் தாண்டித்தான் வந்தாள். அப்படியென்றால் இதுதான் அந்தத் தேசமா, சார்?"

எனக்கு நாக்கு எழவில்லை.

அன்று மாலை அந்தப் பாட்டியைப் பார்க்கப் போனேன். "வாங்க தம்பி. நீங்க 'ஓம்' என்று சொல்வதாகப் பேத்தி சொன்னாள். அதைக் கேட்டு எத்தனை வருஷமாகிறது!" என்றாள். பிறந்தது இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். பத்து வயதில் பெற்றோரோடு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்தவள். "அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இங்கே சிலோன்காரர் என்கிறார்கள். ஊர்க்காரர் என்று யாரும் சொன்னதில்லை, தம்பி."

நேயர்களுக்கு இந்தச் சரித்திரம் தெரிந்திருக்கலாம். தமிழ் ஜில்லாக்களிலிருந்து சென்ற தொழிலாளர் முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் பயிரிட்டு இலங்கையை வளப்படுத்தினார்கள். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கே இருக்க விருப்பம் என்று அந்தப் பத்து வயதுச் சிறுமியை யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தாராகிய நாங்களும் அன்று ஒரே குரலில் அவர்களுக்காக நின்றோம் என்று சொல்ல முடியாது. 'தோட்டக்காட்டார்' என்று எங்கள் வீடுகளில் வழங்கிய சொல் என் நினைவுக்கு வந்தது. தலை தாழ்ந்தது.

மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணிடம், "உன் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை, அம்மா" என்று ஒப்புக்கொண்டேன். பிறகு பாட்டியை அழைத்து வந்து என் ஆசனத்தில் உட்கார்த்தினேன். அவள் கப்பல் கதையைச் சொன்னாள். நான் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து கேட்டேன். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. இடுப்புத் தம்பிகூட அழவில்லை.

நான் புறப்பட்ட அன்று, ஒரு பொட்டலம் மிளகைக் கையில் வைத்து, "மறுபடியும் வருவீங்களா, தம்பி?" என்றாள்.

"ஓம், ஆச்சி" என்றேன்.

மலைப் பக்கம் போகும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். அங்கே யாரையாவது 'சிலோன்காரர்' என்று உங்களுக்கு ஒருவர் அறிமுகப்படுத்தினால், "இல்லை, இந்த ஊர்க்காரர்" என்று திருத்திச் சொல்லுங்கள். அதற்குச் சம்பளம் கிடையாது, தொண்டுதான்.