மருந்து செய்வதும் பல்கலைக்கழகத்தின் வேலைதான்

"பல்கலைக்கழகத்துக்கு எதுக்குங்க மருந்துத் தொழிற்சாலை? பாடம் நடத்துங்க, பேப்பர் எழுதுங்க. மிச்சத்தைக் கம்பெனி பாத்துக்கும்." அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வு பற்றிப் பேச்செடுத்தாலே இப்படிச் சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார். நடைமுறை தெரிந்தவர் என்ற தோரணை வேறு. எனக்கு இந்த வாதத்தின் மீது துளியும் மரியாதை இல்லை. ஒரு நாடு இதைச் செய்தே பார்த்துவிட்டது.

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகம். அங்கே சுகாதாரவியல் கற்பித்த ஜான் ஃபிட்ஜெரால்டு 1913இல் ஒரு குதிரை லாயத்தில் வேலையைத் தொடங்கினார். டிப்தீரியா குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த காலம். மருந்து அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், விலையோ ஏழைக்கு எட்டாது. ஃபிட்ஜெரால்டு குதிரைகளுக்கு ஊசி போட்டு, அவற்றின் ரத்தத்திலிருந்து எதிர்நச்சு மருந்து எடுத்தார். 1914இல் பல்கலைக்கழகமே அதைத் தன் ஆய்வகமாக ஏற்றுக்கொண்டது. பின்னாளில் கன்னாட் என்று பெயர் பெற்றது அதுதான். மலிவு விலையில் மருந்து கொடுப்பது, வரும் பணத்தை மறுபடி ஆய்வில் போடுவது, இவ்வளவுதான் அதன் கணக்கு.

அடுத்து இன்சுலின். பான்டிங், பெஸ்ட், மக்லியோட், கொலிப் என்ற நால்வரின் கதை பலருக்குத் தெரியும். ஆனால் அது நடந்த இடத்தை யாரும் கவனிப்பதில்லை. 1922 ஜனவரி 11, டொராண்டோ பொது மருத்துவமனையில் சாகக் கிடந்த 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. சரியாக வேலை செய்யவில்லை, ஒவ்வாமைதான் மிச்சம். கொலிப் மருந்தைச் சுத்திகரித்துக் கொடுக்க, ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். பையன் தேறினான். இடையில் 12 நாள். ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் கட்டிலுக்கு நடந்தே போய்விடலாம் என்பதால்தான் அது சாத்தியமானது. காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

"பெரிய அளவில் தயாரிக்க எலி லில்லி கம்பெனிதானே உதவியது?" ஆமாம், உதவியது. ஆனால் காப்புரிமை பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது. யார் தயாரிக்கலாம், என்ன தரத்தில் தயாரிக்க வேண்டும் என்பதை அது சொன்னது. கம்பெனியோடு வேலை செய்வது வேறு, கம்பெனியிடம் சாவியைக் கொடுப்பது வேறு.

போலியோவுக்கும் அதே ஆய்வகம்தான். சால்க் தடுப்பூசியின் 1954ஆம் ஆண்டு மாபெரும் பரிசோதனைக்குத் தேவையான வைரஸை மொத்தமாக வளர்த்துக் கொடுத்தது கன்னாட். பெரிய பாட்டில்களை ஆட்டி ஆட்டி வளர்க்கும் அந்த முறையை உருவாக்கியவர் லியோன் ஃபாரெல் என்ற பெண் விஞ்ஞானி. அவர் பெயர் பாடப்புத்தகத்தில் இல்லை என்பது தனிக் கோபம்.

1972இல் பல்கலைக்கழகம் கன்னாட்டை விற்றது. முதலில் வாங்கியது அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனம், ஆகவே யாரும் பதறவில்லை. 1980களில் அது தனியார் கைக்குப் போனது. 1989இல் பிரான்சின் மெரியூ வாங்கியது. இன்று அது சனோஃபியின் சொத்து. 2020இல் கொரோனா வந்தபோது, ஒரு காலத்தில் உலகத்துக்கே தடுப்பூசி அனுப்பிய கனடா ஐரோப்பாவிலிருந்து டோஸ் வரக் காத்துக்கிடந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் 1948 முதல் இருக்கிறது. 2008இல் அதற்கும் குன்னூர், கசௌலி நிறுவனங்களுக்கும் உற்பத்தி விதிகளைப் பின்பற்றவில்லை என்று சொல்லி உரிமத்தை நிறுத்தினார்கள். 2010இல்தான் அந்தத் தடை நீங்கியது. குறை இருந்திருக்கலாம். கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவோமா, வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை வீடு தேடுவோமா? அதே கிண்டியில்தான் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அதற்கென்று சொந்த மருத்துவமனை இல்லை. பெரும்பாலும் இணைப்பு, தேர்வு, பட்டம். கிங் நிலையம் பக்கத்தில்தான், ஆனால் வேறு நிர்வாகம். பாடம் ஒரு துறையிடம், நோயாளி இன்னொரு துறையிடம், சீசா மூன்றாவது இடத்தில். அப்புறம் "நம்மாளுங்க ஏன் எதையும் கண்டுபிடிக்கிறதில்ல?" என்று அலுத்துக்கொள்கிறோம்.

அரசு மருத்துவமனை வார்டில் படுத்திருப்பவரின் நோய்தான் நம் மாணவருக்குப் பாடம். அவர் ரத்தம்தான் ஆய்வுக்கு மாதிரி. அதிலிருந்து பிறக்கிற மருந்து மட்டும் அவர் வாங்க முடியாத விலையில் வேறெங்கிருந்தோ வர வேண்டும் என்றால், அதற்குப் பெயர் நடைமுறை அறிவு இல்லை. அவரை ஏமாற்றுவது. அந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ், பொதுச் சொத்தாக வைக்கச் சொல்லித்தான் நாம் சண்டை போட வேண்டும்.