இந்த ரத்தம் யாருக்காக?

வீட்டுக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், நான் பார்த்துக்கொண்டிருந்த ஜப்பானியச் சித்திரப் படத் தொடரைப் பத்து நிமிஷம் உடனிருந்து பார்த்தார். பிறகு எழுந்துகொண்டார். "கதை எழுதுகிறவர் பார்க்கிற படமா ஐயா இது? இதையெல்லாம் தடை செய்ய வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

தொடரின் பெயர் 'ஷிகுருயி'. சாவு வெறி என்று பொருள். 2007-ல் வெளிவந்தது, மொத்தம் 12 பகுதிகள். நான்ஜோ நோரியோவின் நாவல் ஒன்று சித்திரக் கதையாகி, அதிலிருந்து திரைக்கு வந்தது. 1629-ல் கதை தொடங்குகிறது. ஷோகனின் தம்பி தடானாகா தன் கோட்டையில் வாட்போட்டி நடத்துகிறான். மரவாள் போதாது, நிஜ வாளே வேண்டும் என்கிறான். அது தகாது என்று சொல்ல வந்த அதிகாரி ஒருவர், அவன் கண்ணெதிரில் தன் வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே இழுத்துப் போட்டுச் சாகிறார். போட்டி நிற்கவில்லை. கையிழந்த ஒருவனும் கண்ணிழந்த ஒருவனும் களத்தில் இறங்குகிறார்கள்.

கோரம்தான், நான் மறுக்கவில்லை. குழந்தைகளுக்கு இது ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கதாநாயகன் ஒரே மூச்சில் முப்பது பேரை வெட்டிச் சாய்க்கிற படங்களை, இதே நண்பர் பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கவில்லையா? அங்கே ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. விழுந்தவனுக்குப் பெயர் கிடையாது, வலி கிடையாது, வீட்டில் காத்திருக்கும் பெண்டாட்டி கிடையாது. நாயகன் வாளைத் துடைக்கக்கூட வேண்டியதில்லை! கொலையைக் கறைபடாத காரியமாகக் காட்டுகிற அது நல்ல படம்; வெட்டினால் சதை பிளக்கும், மனிதன் துடிப்பான் என்று காட்டுகிற இது கெட்ட படம். இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

1615-ல் ஒசாகா கோட்டை விழுந்ததோடு ஜப்பானியப் பிரபுக்களின் பெரும் போர்கள் ஓய்ந்துவிட்டன. வாளுக்கு வேலை குறைந்தது. ஆனால் எஜமான் சொன்னால் ஏனென்று கேளாமல் செய்கிற விசுவாசம் குறையவில்லை. இந்தத் தொடர் தோலுரிப்பது அந்த விசுவாசத்தைத்தான். புத்தி தடுமாறிய கிழட்டு ஆசான் ஒருவர், தாம் தேர்ந்தெடுத்த சீடனுக்குத் தம் மகளையே எல்லார் முன்னிலையிலும் பலவந்தமாக ஒப்படைக்கப் பார்க்கிறார். அவர் சொல்லுக்கு மற்றச் சீடர்கள் அவளை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆண்களெல்லாம் வெறும் பொம்மைகள் என்று அவளுக்குத் தெரிந்துபோகிறது. அந்த இடத்தில் யாரும் யாரையும் வெட்டவில்லை. ஆனாலும் அந்தத் தொடரில் அதைவிடக் கொடிய காட்சி வேறில்லை என்பேன்.

தொடர் முழுவதற்கும் வக்காலத்து வாங்க நான் வரவில்லை. பெண்களின் உடலை வதைக்கும் சில இடங்களில் கலைஞனின் கை தேவைக்கு மேல் தங்குகிறது. அங்கே கோபம் போய் ருசி வந்துவிடுகிறது. அது விரசம், அதை விரசமென்றே சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நிஜ வாள் கேட்ட அந்தப் பிரபு தானாகக் களத்தில் இறங்கவில்லை, உட்கார்ந்து பார்த்தான். நானும் உட்கார்ந்துதான் பார்த்தேன். மூன்றாம் பகுதிக்குள் 'அடுத்தது யார்?' என்று என் மனமும் கேட்டுவிட்டது. வெட்கமாக இருந்தது. ரத்தமில்லாத சண்டைப் படம் எதுவும் இந்த வெட்கத்தை எனக்கு ஒரு நாளும் தந்ததில்லை.

நண்பர் பத்து நிமிஷத்தில் எழுந்து போனதை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு வலித்திருக்கிறது, வலிக்கத்தான் வேண்டும். முப்பது பேர் வலியில்லாமல் விழுகிற படத்திலும் அவர் ஒரு தடவை அப்படி எழுந்து போகட்டும். பிறகு தடையைப் பற்றிப் பேசுவோம்.