குட்டு யாருக்கு?

'போனேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், 'கோ'வுடன் 'எட்' சேர்த்துவிடும் குழந்தைக்குக் குட்டு விழுகிறது.

'கோ' இலேசான சொல்லன்று. கடிகாரம் ஓடுவது, பால் திரிவது, நிறத்தோடு நிறம் இசைவது எல்லாம் அதிலேயே அடங்கும்.

அதன் இறந்த காலம் 'வெண்ட்' ஆனது எப்படி? பழைய ஆங்கிலத்தில் அது 'ஏயோடெ' என்றிருந்தது. திரும்புதல், வழிச்செல்லுதல் என்று பொருள்பட்ட 'வெண்டு' என்னும் வேறொரு வினையின் இறந்த காலம், 1500-ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஸ்தானத்தை அபகரித்துக்கொண்டது. வீட்டுக்காரன் வெளியேறினான்; விருந்தாளி நிலைத்தான்!

ஸ்காட்லாந்தின் பேச்சிலோ, குழந்தையின் முறைப்படியே அமைந்த 'கேட்' என்ற உருவம் உண்டு.

ஆகவே, பெற்றோர்களே, பிழையைத் திருத்துங்கள். குட்டை மட்டும் நிறுத்திவிடுங்கள். விதிப்படி நடந்தது குழந்தை. வழி தவறியது பாஷை.