பிறக்குமுன் எழுதிய தீர்ப்பு

மாணவன் பள்ளிக்கு வரவில்லை, பாடம் கேட்கவில்லை, தேர்வும் எழுதவில்லை. ஆனால், தேறியோர் பட்டியல் ஆயத்தம்! இன்னான் தேறினான், இன்னான் தோற்றான் என்று எழுதி, முத்திரையிட்டுப் பூட்டியும் ஆயிற்று. பள்ளியில் பணியாற்றும் நம்மில் ஒருவர் இப்படிச் செய்தால், ஊரார் சும்மா விடுவரோ? கேள்வி கேட்பர், வேலையைப் பறிப்பர். அதையே ஆண்டவன் செய்தான் என்றாலோ, கைகூப்பி, "என்னே அவன் கருணை!" என்கின்றனர்!

கற்பனையன்று, தோழர்களே! கிறித்தவருள் ஒரு பிரிவார் ஏட்டில் எழுதி, மன்றம் கூட்டி, முடிவு கட்டிய கோட்பாடு இது. அய்ந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் வித்திட்டார். பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் வளர்த்தார். 1618-19ஆம் ஆண்டுகளில் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய திருச்சபை மன்றம் அதற்கு அரண் அமைத்தது. ஆதாமின் பிழையால் மாந்தர் அனைவரும் வீழ்ந்தனராம். உலகைப் படைக்குமுன்பே ஆண்டவன் அவருள் சிலரை மீட்புக்கெனத் தேர்ந்தெடுத்தானாம். அவர்தம் நற்செயல் கண்டல்ல, தன் விருப்பம் ஒன்றே கொண்டு! எஞ்சியோர்? தண்டனைக்கு விடப்பட்டோர்!

அநீதியன்றோ என்றால், விடை வைத்திருக்கிறார்கள். "எல்லோரும் குற்றவாளிகள். சிலரை மன்னிப்பது இரக்கம். மற்றவரைத் தண்டிப்பது நீதி. யாருக்கு இழைத்தது அநீதி?" என்கின்றனர். திறமையான வாதம்தான்! ஆனால், தொட்டிலில் கிடக்கும் பச்சிளங்குழவி செய்த குற்றம் யாது? பிறந்தது! பிறவியிலேயே குற்றம், பிறவியிலேயே இழிவு! இந்தக் குரலை நாம் வேறெங்கோ கேட்டதில்லையா? செய்த செயல் பாராமல், பிறந்த பிறப்பு பார்த்து, "நீ உள்ளே வா, நீ வெளியே நில்" என்ற மனுவின் குரலன்றோ இது! "களிமண் குயவனைக் கேள்வி கேட்கலாமோ?" என்பது அவர்தம் இறுதிக் கணை. களிமண் அழாது, அய்யா! மனிதன் அழுவான்.

அழுதும் இருக்கிறான். தேர்ந்தெடுப்புக் கொள்கை கால்வினோடு நிற்கவில்லை. நற்செய்தி எட்டிய ஊருக்கு மீட்பு, எட்டாத ஊருக்கு நரகம் என்று, கத்தோலிக்கரிடத்தும் அது வேறு உருவில் வாழ்ந்தது. 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், 1549இல் சப்பான் சென்றார். அங்கே மதம் மாறியோர், "எங்கள் முன்னோரை நரகிலிருந்து மீட்க வழியுண்டா?" என்று கேட்டனர். இல்லை என்றார் அவர். அவர்கள் கதறினர். 1552ஆம் ஆண்டு மடலில் அவரே எழுதி வைத்த செய்தி இது.

அந்தக் கேள்வியை நாமும் கேட்கிறோம்: எங்கள் வள்ளுவர் எங்கே? நற்செய்தி கேளாத குற்றத்திற்காக, அறம் உரைத்த அந்தப் பெருமகன் நெருப்பிலா? 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப் பாதிரியாரின் நெஞ்சம் இதற்கு ஒப்புமோ?

ஒப்பாத கிறித்தவர்களும் உண்டு, அவர்களைப் போற்றுகிறோம். 1739இல் ஜான் வெசுலி, இக்கோட்பாடு கடவுளுக்கே இழுக்கு என வெகுண்டெழுந்தார். தம் குற்றமின்றி நற்செய்தி அறியாதோர்க்கும் மீட்பு உண்டு என 1964இல் வத்திக்கான் சங்கம் சாற்றியது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கும் நம்பிக்கை வைக்கலாம் என 2007இல் வத்திக்கான் இறையியல் குழு எழுதியது. ஆண்டவன் மனிதனைத் திருத்தினான் என்பர். இங்கோ, மனிதனின் நெஞ்சம் ஆண்டவனைத் திருத்தியிருக்கிறது!

இது கேட்டுக் கைகொட்டும் நம் வைதிக அன்பர்களே, சற்றே பொறுங்கள்! ஆரூரில் பிறந்தால் முத்தி என்கிறீரே, பிறக்கும் ஊரைத் தேர்ந்தெடுத்தவன் யார்? அருணையை நினைத்தாலே முத்தி என்கிறீரே, நினைக்க வைப்பவன் யார்? தாயைப் பற்றும் குரங்குக் குட்டியா, தாய் கவ்வும் பூனைக் குட்டியா என்று வைணவர் வடகலை, தென்கலையாய் மோதினரே, கவ்வாமல் விடப்பட்ட குட்டியின் கதி என்ன?

அருளை மேலே பங்கிட்டவர் கீழே வாயிலைப் பங்கிட்டனர். வடக்கன்குளம் மாதா கோயிலுக்குள் சாதிச்சுவர் நின்றது. 1910இல்தான் அது வீழ்ந்தது. ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. எனினும், நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில் ஒடுக்கப்பட்ட மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுள் நுழைய 2023 சனவரி 30 வரை காத்திருந்தனர். அன்றும் காவலர் துணை வேண்டியிருந்தது!

தகுதி பாராது சிலருக்கு மட்டும் தருவது அருளன்று, சலுகை. சலுகை தரும் மன்னனை மண்ணில் இறக்கினோம். விண்ணில் மட்டும் ஏன் வணங்க வேண்டும்? பட்டியலில் நம் பெயர் உண்டா என்று தேடுவது அடிமை மனம். பட்டியலே ஏன் என்று கேட்பதே மான உணர்வு. கேட்போம்!