வில்லுக்கத்தியும் எண்பிக்கும் பொறுப்பும்

தோட்டஞ் செய்பவன் மடியில் ஒரு வில்லுக்கத்தி இருப்பது நம் நாட்டில் எவருக்கும் வியப்பளிப்பதன்று. உரப்பையின் வாய்க்கட்டை அறுக்கவும், வாழைக்கு முட்டுக் கட்டும் கயிற்றைத் துண்டிக்கவும், மாங்கன்று ஒட்டவும், வேலை முடிந்தபின் பாக்குச் சீவவும் அந்த ஒரு கத்தியே அவனுக்குப் போதும். சந்தைக்குப் போகும்போதும், பஸ்ஸில் ஏறும்போதும், நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்ல வரும்போதுங்கூட அது அவனுடனேயே வரும். அதை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்ற நினைவே அவனுக்கு எழுவதில்லை.

அவனுடைய மகன் இன்று இலண்டனில் இருக்கிறான். கடையில் பெட்டி பிரிக்கும் வேலை. அவன் சட்டைப் பையிலும் ஒரு கத்தி இருக்கிறது. தந்தைக்குக் கருவியாக இருக்கும் பொருள் மகனைச் சிறைக்கு அனுப்பக்கூடும் என்பதை நம்மவரிற் பலர் அறியார். அறியவேண்டும். அந்தச் சட்டத்தின் போக்கை அறிவது, நம் நாட்டுக்கு நாளை வரக்கூடிய சட்டங்களை எடைபோடுவதற்கும் உதவும்.

1953ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் இங்கிலாந்தில் ஒரு நேரிய வரம்பை வகுத்திருந்தது. பிறரைக் காயப்படுத்துவதற்கென்றே ஆக்கப்பட்ட, அல்லது அதற்கென மாற்றியமைக்கப்பட்ட, அல்லது அந்த நோக்கத்துடன் கொண்டு செல்லப்பட்ட பொருளே அச்சட்டத்தின்படி ஆயுதம். சாதாரணக் கத்தியொன்றை வைத்திருந்தவன் தீய நோக்குடையவன் என்பதை அரசுத் தரப்பே எண்பிக்க வேண்டியிருந்தது. இது நீதிக்கு ஒத்த முறை.

1988இல் அந்நிலை தலைகீழாயிற்று. அவ்வாண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவு, அலகோ கூர்முனையோ உள்ள எந்தப் பொருளையும் பொதுவிடத்தில் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. விலக்குப் பெற்றது ஒன்றே: மடக்கக்கூடிய, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத சட்டைப்பைக் கத்தி. மற்றெதை வைத்திருந்தாலும், அதற்கு நல்ல காரணம் உண்டென்று காட்டவேண்டியவர் எதிரியே. தொழில், சமயம், தேசிய உடை ஆகியவை காரணங்களாக ஏற்கப்படும். சீக்கியரின் கிர்ப்பான் இவ்வழியால்தான் காப்புப் பெறுகிறது.

அந்த ஒரு விலக்கையும் நீதிமன்றங்கள் மேலும் குறுக்கின. விரித்தபின் அலகு பூட்டிக்கொள்ளும் கத்தி மடக்குக் கத்தியே அன்று என 1990களில் தீர்ப்பளிக்கப்பட்டது. பூட்டு எதற்காக? அலகு தவறி மடங்கி வேலை செய்பவனின் விரலை வெட்டாதிருப்பதற்காக! விரலைக் காக்கும் அமைப்பே அவனைக் குற்றவாளியாக்குகிறது. 2005இல், வெண்ணெய் தடவும் மழுங்கிய கத்தியும் அலகுள்ள பொருளே என்று முடிவு செய்தார்கள். இவற்றைக் காட்டிலும் நம் உள்ளத்தை உறுத்துவது வேறொரு வழக்கு. வேலைக்காக எடுத்துச்சென்ற கத்தி ஆறு நாள் கழித்தும் உடையின் பையிலேயே கிடந்தது. மறந்துவிட்டேன் என்றான் அம்மனிதன். மறதி நல்ல காரணமாகாது என்றது மன்று. நம் விவசாயிகளுள் எத்தனை பேர் இச்சட்டத்திடம் தப்புவர்?

1988இல் இக்குற்றத்துக்கு அபராதம் மட்டுமே விதிக்க முடிந்தது. 1996இல் அது ஈராண்டுச் சிறையாகி, 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் நான்காண்டாக உயர்ந்தது. இரண்டாம் முறை குற்றவாளியாகக் காணப்படும் வயது வந்தவருக்கு, விதிவிலக்கான நிலைமைகள் இருந்தாலொழிய, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை என்ற விதியும் 2015இல் நடைமுறைக்கு வந்தது.

இலண்டன் தெருக்களில் இளைஞர்கள் கத்திக்குத்துக்கு இரையாவது மெய். அத்தாய்மாரின் கண்ணீரை நாம் எள்ளளவும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அக்கொலைகளிற் பெரும்பாலும் பயன்படுவது அடுக்களைக் கத்தி. பாக்குச் சீவுபவனின் பையைத் துழாவுவதால் அது குறையுமா? துழாவப்படுபவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். 1994ஆம் ஆண்டின் சட்டமொன்றின் 60ஆம் பிரிவின்கீழ், குறித்த பகுதியொன்றில் ஐயத்துக்குரிய காரணம் எதுவுமின்றியே பொலிஸார் எவரையும் சோதிக்க அதிகாரம் வழங்கலாம். அந்த அதிகாரம் வெள்ளையரிலும் பன்மடங்கு மிகுதியாகக் கறுப்பின இளைஞர் மீதே பாய்ந்து வந்துள்ளது. சட்டத்தின் சொற்கள் நிறம் பார்ப்பதில்லை. சோதிப்பவனின் கண் பார்க்கிறது.

எண்பிக்கும் பொறுப்பை எதிரியின் தலையில் ஏற்றினால் என்ன நேரும் என்பதைத் தமிழ் மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்த இயலாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் காப்பை அகற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலை ஏற்கலாம் என்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதெனின் எதிரியே அதைக் காட்டவேண்டும் என்றது. பூட்டிய அறையில் நடந்ததை அறைக்குள் கிடந்தவனே எண்பிப்பது எங்ஙனம்? ஒரு தலைமுறை இளைஞர் அந்த வினாவுக்கு விடையின்றிச் சிறைகளிற் கழித்தனர். கத்திக்கும் ஒப்புதலுக்கும் என்ன தொடர்பென்று சிலர் கேட்கக்கூடும். இரண்டிலும் தவறு ஒன்றே: குடிமகனை முதலில் குற்றவாளியாக்கிவிட்டு, பின்னர் விளக்கம் கேட்பது.

இங்கு நிலைமை இங்கிலாந்தைவிடக் கடினமானது என்பதையும் சட்டம் பயின்றோர் அறிவர். குற்றத்தை எண்பிப்பது அரசுத் தரப்பின் கடன் என்று 1935இல் பிரபுக்கள் சபை முழங்கியது. ஆனால் விதிவிலக்கைக் கோருபவனே அதை எண்பிக்கவேண்டும் என்கிறது நம் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு. ஐயத்தை எழுப்பினால் மட்டும் போதாது, நிகழ்தகவின் சமநிலையில் நிறுவவும் வேண்டும் என 1942இல் இலங்கைக் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்த்தது. எனவே, கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கி, தொழிலை விதிவிலக்காக மட்டும் எழுதும் சட்டமொன்று இங்கு வருமாயின், புகையிலைத் தோட்டக்காரன் தான் புகையிலைத் தோட்டக்காரன் என்பதை நீதவான் முன் எண்பித்து நிற்க நேரிடும்.

வேறு வழி இல்லையா? உண்டு. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கோ வேளாண்மைக்கோ மட்டும் உரியதாக ஆக்கப்பட்ட பொருளை ஆயுதம் என்ற வரைவிலக்கணத்துக்கே வெளியில் நிறுத்துகிறது. அதன்கீழ் எழுந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுடைய கத்திகளைப் பட்டியலிட்டபோதும், வீடு, வேளாண்மை, விஞ்ஞானம், கைத்தொழில் ஆகியவற்றுக்கானவற்றை விலக்கியே பட்டியலிட்டன. நம் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 315ஆம் பிரிவும் வெட்டுங் கருவியால் ஒருவரைக் காயப்படுத்தும் செயலையே தண்டிக்கிறது. அந்நெறி பழையதுதான், பழுதானதன்று.

ஆதலின், கத்தி பற்றிய எந்த மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தாலும், நம் பிரதிநிதிகள் முதலிற் புரட்டவேண்டியது தண்டனைப் பிரிவையன்று, வரைவிலக்கணப் பிரிவையே. சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தியும், பனையோலை வார்பவளின் சத்தகமும், தோட்டக்காரனின் வில்லுக்கத்தியும் அங்கேயே விலக்கப்பட்டிருக்கவேண்டும். தமிழ் வாசகத்தை ஆங்கில வாசகத்துடன் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் வேலையை நம் சட்டத்தரணிகள் சங்கங்கள் ஏற்கவேண்டும். மசோதா நிறைவேறியபின் கண்டனத் தீர்மானம் எழுதுவது எளிது.

இங்கிலாந்தில் மக்களை வைத்திருக்கும் வாசகர்கள் அடுத்த முறை பேசும்போது இவ்வளவையேனும் சொல்லிவைக்கலாம்: பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியே வெளியே கொண்டு செல்லத் தக்கது, கடைக் கத்தி கடையிலேயே இருக்கட்டும், மாலையில் கதவைச் சாத்துமுன் சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பார்க்கட்டும்.