அடங்கினானா, அடக்கினார்களா?

பெரட்டுக்களத்தில் நம் பெரியவர்கள் சம்பளம் என்ற சொல்லைவிட அதிகமாகக் கேட்ட சொல் ஒன்று உண்டு. 'அடங்கி நட.' கங்காணி சொன்னார், கிராணி சொன்னார். வீட்டில் ஆத்தாளும், "தொரை முன்னாடி அடங்கிப் போடா, வம்பு வேணாம்" என்றுதான் சொல்லி அனுப்பினாள்.

அடக்கம் நல்ல சொல்தான். வள்ளுவரே அதற்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். ஆனால் தோட்டப்பள்ளியில் வாத்தியார் தன்வினை, பிறவினை நடத்தியது நினைவிருக்கிறதா? அடங்கினான் என்றால் அவனாகச் செய்தது. அடக்கினான் என்றால் அடுத்தவனுக்குச் செய்தது. ஒடுங்கினான், ஒடுக்கினான் என்பதும் அப்படியே. ஓர் ஒற்றெழுத்துதான் வேறு. அந்த எழுத்தை மாற்றிச் சொல்லியே நம்மவர்களை ஏய்த்திருக்கிறார்கள்.

துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்றொரு காலம் இருந்தது. அதற்குப் பெயர் மரியாதை! 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சம்பளம் மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடையை மூடு, எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடக்காதே என்றார்கள். சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்பதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சூடு பட்டுத் தொழிலாளர்கள் மாண்டார்கள். இந்த மாதிரிக் காரியத்துக்குச் சர்க்கார்கள் சூட்டும் பெயர் ஒழுங்கை நிலைநாட்டுவது.

1948 ஜூனில் அவசரகாலம் வந்தது; 1960 வரை நீடித்தது. பல தோட்டங்களில் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டு, அரிசியை அளந்து கொடுத்தார்கள். அதற்குப் பெயர் பாதுகாப்பு. விசாரணை இல்லாமல் ஆளைப் பிடித்து வைக்க 1960-இல் வந்த சட்டத்தின் பெயரிலும் பாதுகாப்பு இருந்தது. அது ரத்தானது 2012-இல்தான். காவல் என்றால் பயிருக்குக் காவல், பிள்ளைக்குக் காவல் என்றுதான் நாம் அறிந்திருந்தோம். தடுப்புக் காவலை நமக்குக் கற்றுக் கொடுத்தது சர்க்கார்.

இன்றைக்கும் எச்சரிக்கைக் கடிதத்தில் 'ஒழுங்கீனம்' என்ற ஒரு சொல் வருகிறது. எந்த ஒழுங்கு, எந்தத் தேதியில் மீறினோம் என்று கேளுங்கள். கடிதம் கிடைத்தது என்று கையெழுத்துப் போடுவது வேறு, குற்றத்தை ஒப்புக்கொண்டு போடுவது வேறு. படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். வேலை போனால் குடியிருக்கும் வீடும் சேர்ந்து போகிறதே!

துரைமாரை மட்டும் குறைசொல்லி முடித்துவிட நமக்கு மனமில்லை. சில மாதங்களுக்கு முன் கிளைக் கூட்டத்தில் மரம் சீவும் ஓர் அம்மா எழுந்து கணக்குக் கேட்டார். மேடையிலிருந்து, "சங்கக் கட்டுப்பாடு இருக்கும்மா, ஒக்காருங்க" என்று சொன்னது வேறு யாருமல்ல, நாம்தான். அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

வேலைநிறுத்தம் என்று கூடி முடிவு செய்தால் ஒருவரும் கத்தியைத் தொடமாட்டோம், அது கட்டுப்பாடு. நமக்கு நாமே போட்டுக்கொண்ட கட்டு. கணக்குக் கேட்டவரை உட்கார வைத்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அடக்குமுறை என்று பத்திரிகையில் எழுதுகிறோமே, அதுதான் அது.

கணக்கை எழுதி லயத்து முகப்பில் ஒட்டியாயிற்று. அம்மாவின் வீட்டுக்கும் போனோம். கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இனிமே எந்திரிச்சுப் பேசலாமாங்க, இல்ல அதுக்கும் கட்டுப்பாடு இருக்கா?"